பெரிய வெள்ளியும் குதிரை எருவும்

அத்தியாயம் 14

போன வாரம் பனியைத் திட்டினாள் கெயில். அதற்கு முந்தின வாரம் அசுவினிப் பூச்சியை. இன்று, பெரிய வெள்ளிக்கிழமை காலையில், திட்டுவதற்கு வேறு யாரும் மிச்சமில்லை.

கண்ணாடிக் கொட்டகைக்குள் தக்காளிக் கன்றுகள் இரண்டு வரிசையாக நின்றன. இடது வரிசை கடையில் வாங்கிய மண்ணில் வைத்தது. இலைகளை உள்ளங்கை மாதிரி விரித்துக்கொண்டு, 'எங்களுக்கென்ன' என்று நின்றது. வலது வரிசை, முன்கூட்டியே ஒரு வாளி அள்ளி வந்த குதிரை எரு கலந்த மண்ணில் வைத்தது. அங்கே இலை என்று சொல்ல ஒன்றுமில்லை. வாடவும் இல்லை, பழுக்கவும் இல்லை. வலியில் மடக்கிய விரல்களைப் போல எல்லாம் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. பக்கத்துத் தட்டில் அவரையும் அப்படியே.

விதையும் தண்ணீரும் ஒன்றுதான். எரு மட்டும்தான் வேறு.

நேற்றுச் சாயங்காலம் குதிரை லாயத்துக்காரிக்கு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. "ஆமாம்மா, போன கோடையில வைக்கோல் வயல்ல முள்ளுச்செடி மண்டிப்போச்சு. ஆளை விட்டு மருந்து அடிச்சோம். நல்ல மருந்து. குதிரைக்கு ஒரு தும்மல்கூட வராது."

குதிரைக்கு வராதுதான். புல்லில் அடித்த மருந்து வைக்கோலோடு குதிரையின் வயிற்றுக்குள் போய், சாணத்தோடு அப்படியே வெளியே வரும். சாணம் மக்கினாலும் அது மக்காது. அந்த எருவில் ஊன்றிய உருளைக்கிழங்கும் அவரையும் தக்காளியும் தலையெடுக்காது. மண்ணில் கலந்துவிட்டால் அடுத்த வருஷத்தையும் சேர்த்துக் கெடுக்கும். கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் படித்துவிட்டுத்தான் கெயில் படுத்தாள். படுத்தாளே தவிரத் தூங்கவில்லை.

ஊரார் ஆளுக்கொரு துண்டாகப் பயிரிடும் பொதுத் தோட்டமான அலாட்மென்ட்டின் வாசலில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, ஒரு சின்ன வீட்டின் உயரத்துக்குக் கிடந்தது அந்தக் குவியல். அக்டோபரில் வந்து இறங்கியது. பனிக்காலம் முழுக்க மூடி மக்க வைத்து, பெரிய வெள்ளியன்று திறந்து, ஆளாளுக்குத் தள்ளுவண்டியில் அள்ளிச் சாலில் கொட்டி, அதன்மேல் விதைக்கிழங்கை ஊன்றுவது தோர்ன்லா ஊரின் வழக்கம். ஞானஸ்நானத்துக்குப் பிறகு கோயில் பக்கமே தலை வைக்காதவர்கள்கூட, கிழங்கை மட்டும் இயேசுநாதர் செத்த நாளில்தான் ஊன்றுவார்கள்.

அந்தக் குவியலை வரவழைத்தது கெயில். கூட்டத்தில் எழுந்து நின்று, "ஓசியில எரு, ஊருக்கே போதும்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கியவளும் அவள்தான்.

கதவு கிரீச்சிட்டது. தேநீர்க் குடுவையோடு வந்து நின்றான் அவள் கணவன் கீத்.

"இன்னும் இங்கயே நிக்கிறியா? உங்கப்பா வந்தாச்சு. டை கட்டிக்கிட்டு வந்திருக்காரு. கிழங்கு நட வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரான்னு நார்மன் கேட்டுட்டிருக்கான்."

"கீத், இதைப் பாரு."

அவன் குடுவையின் மூடியைத் திருகித் திறந்தான்.

"எருவுல விஷம் இருக்கு. களைக்கொல்லி. அந்தக் குவியல் முழுக்க."

அவன் மூடியைத் திருகி மூடினான். "யார்கிட்டயாவது சொன்னியா?"

கெயில் அவனையே பார்த்தாள். அவன் கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் ராத்திரியே பதில் தயாரித்து வைத்திருந்தாள். எப்படித் தெரியும் என்பான். நிச்சயமா என்பான். யார் செய்தது என்பான். அவன் எதையும் கேட்கவில்லை. அந்த வலது வரிசையை அவன் கண் தொடக்கூட இல்லை.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

"கெயில்..."

"தெரியும். எப்போலேருந்து?"

வெளியே யாரோ சிரித்தார்கள். யாரோ ஒருவரின் நாய் குரைத்தது. கீத் ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்தபின்தான் குரல் வந்தது.

"நான்தான் அடிச்சேன்."

"என்ன?"

"லாயத்துக்காரிக்கு ஆள் கிடைக்கல. முதுகுல டேங்க்கைக் கட்டிக்கிட்டு அந்த வயல் முழுக்க நான்தான் அடிச்சேன். டப்பாவுல போட்டிருந்துச்சு. இந்தப் புல்லைத் தின்ன மாடு, குதிரையோட சாணத்தைக் காய்கறித் தோட்டத்துக்குக் கொடுக்காதீங்கன்னு. பொடி எழுத்துதான். நான் படிச்சேன்."

"படிச்சுட்டுமா?"

"அப்போ சாணத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அக்டோபர்ல நீ எங்கிட்ட கேட்டா வரவழைச்ச? கூட்டத்துல எழுந்து சொல்லிட்ட. எல்லாரும் கை தட்டிட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலம் உங்கப்பா நம்ம வீட்டுப் படி ஏறினாரு." அவன் குரல் பிசிறியது. "என் மேஜையில உக்காந்து என் கையால டீ வாங்கிக் குடிச்சாரு, கெயில். நான் என்ன சொல்லியிருக்கணுங்கற? டீக்குச் சக்கரை போதுமா வில்ஃப், அப்புறம் எருவுல விஷம்னா?"

கெயிலுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் வந்த கோபம் நிற்க இடமில்லாமல் தள்ளாடியது.

தோர்ன்லாவில் நிலக்கரிச் சுரங்கம் மூடி, அதன்மேல் புல் முளைத்து, அந்தப் புல்லில் பிள்ளைகள் பந்து விளையாடி, அந்தப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் மட்டும் இன்னும் முடியவில்லை. ஒரு வருஷம் வயிற்றைக் கட்டி நடத்திய வேலைநிறுத்தத்தில், கடைசி மாதங்களில் போலீஸ் காவலோடு, கல்லெறிக்குப் பயந்து கம்பி வலை போட்ட வண்டிக்குள் குனிந்து உட்கார்ந்து வேலைக்குப் போன நாலைந்து பேரில் கீத்தின் அப்பா ஒருவர். கருங்காலி. அந்தப் பேரோடுதான் வாழ்ந்தார். அந்தப் பேரோடுதான் செத்தார். சவப்பெட்டியைத் தூக்கப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் பிடித்தார்கள்.

கெயிலின் அப்பா வில்ஃப் கடைசி நாள் வரை நின்றவர். கருங்காலியின் மகனை மகள் கட்டிக்கொண்டபோது அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. அன்று தன் தோட்டத்துத் துண்டில் வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதரை முதல்முறையாகப் படி ஏற வைத்தது ஒரு வண்டி குதிரைச் சாணம்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு," என்றான் கீத். "மழை நிறையப் பெஞ்சிருக்கு. கழுவிட்டுப் போயிருக்கலாம்."

கெயில் ஒரு தொட்டியைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது கழுவிட்டுப் போன லட்சணமா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீயே போய்ச் சொல்லு, கீத். நீ சொன்னா ஒரு மாதிரி. நான் சொன்னா வேற மாதிரி."

"எப்படிச் சொன்னாலும் ஒரே மாதிரிதான்," என்று எழுந்தான். "எங்கப்பன் பேருதான்."

வாசலில் விசில் ஊதியது.

* * *

விசில் நார்மனுடையது. அலாட்மென்ட்டின் தலைவர். தலைமைக்கு அடையாளமாக அவரிடம் இருந்தது அந்த விசில் ஒன்றுதான். அதனால் அதை அடிக்கடி ஊதுவார்.

தார்ப்பாயைச் சுற்றி ஊரே நின்றது. தள்ளுவண்டிகள் வரிசை கட்டியிருந்தன. முட்டை அட்டைகளில் முளைவிட்ட விதைக்கிழங்குகள், சிலுவை போட்ட பன் நிறைந்த தட்டுகள், பழைய கம்பளிச் சட்டைகள், சேற்றுப் பூட்ஸுகள். வானம் மட்டும் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.

கூட்டத்தில் மூத்தவர் முதல் கிழங்கை ஊன்றுவது முறை. போன வருஷத்து மூத்தவர் பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். இந்த வருஷம் வில்ஃப். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, கீழே ரப்பர் பூட்ஸ்.

"வா கண்ணு," என்று மகளைப் பார்த்துக் கை நீட்டினார். "முகம் ஏன் இப்படி? நான்தான் முதல் கிழங்கு நடப்போறேன். நீ பயப்படுற."

கெயில் திரும்பிப் பார்த்தாள். கீத் கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். வாயைத் திறக்கிற மாதிரி தெரியவில்லை. நார்மன் தார்ப்பாயின் கயிற்றில் கை வைத்துவிட்டார்.

"நார்மன், கொஞ்சம் இருங்க," என்றாள். "எரு இன்னும் மக்கல."

"மக்கலையா?"

"உள்ள சூடு இருக்கு. கிழங்கு வெந்துடும்."

"வெந்தா நல்லதுதானே. நான் வெண்ணெய் கொண்டாரேன்."

சிரிப்பு எழுந்தது. வில்ஃப் கோட்டுக் கையைச் சுருட்டி, தார்ப்பாயின் இடுக்கு வழியாக முழங்கை வரை குவியலுக்குள் விட்டார். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், மருத்துவச்சி மாதிரி.

"செத்தவன் கால் மாதிரி ஜில்லுன்னு இருக்கு. மக்கி மண்ணா போயிருக்கு. இந்த மாதிரி எருவை நான் பாத்தே ரொம்ப நாளாச்சு." கையை வெளியே எடுத்து முகர்ந்தார். "என் பொண்ணுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி. திற நார்மன்."

தார்ப்பாய் சரிந்தது. கறுப்பாக, ஈரமாக, பார்த்தாலே கை வைக்கத் தோன்றும்படி இருந்தது எரு. "ஆகா" என்றது கூட்டம். கெயிலின் பொய்க்கு அத்தோடு ஆயுள் முடிந்தது.

நாலு பல் முள்வாரியை நார்மன் எடுத்து வில்ஃபிடம் நீட்டினார். முதல் வண்டியை அள்ளுவதும் மூத்தவரின் உரிமை. வில்ஃப் அதை வாங்கினார். எடை பார்ப்பது போல ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகப் பார்த்தார்.

"கீத்."

பேச்சு நின்றது.

"இங்க வா. எனக்கு இடுப்பு சரியில்ல. முதல் வண்டியை நீ அள்ளு."

இடுப்பு சரியில்லை என்பது பொய் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். போன வாரம்தான் அவர் ஒண்டியாக ஒரு தண்ணீர்த் தொட்டியை நகர்த்தினார். யாரோ இருமினார்கள். நார்மன் வாயில் வைத்த விசிலை ஊதாமலே எடுத்தார். கருங்காலியின் மகனை, ஊர் பார்க்க, பேர் சொல்லிக் கூப்பிட்டு, முதல் முள்வாரியைக் கையில் கொடுக்கிறார் வில்ஃப்.

கீத் வந்தான். வழி விட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். ஒரு கிழவன் அவன் தோளில் தட்டினான். கீத்தின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. கூட்டம் அதைக் கூச்சம் என்று நினைத்தது.

அவன் அள்ளினான். வண்டியில் போட்டான். மறுபடி அள்ளினான்.

'சொல்லு' என்று கெயில் மனசுக்குள் கத்தினாள். 'இப்போ சொல்லு. அள்ளும்போதே சொல்லிடு.'

வண்டி நிறைந்தது. கீத் கைப்பிடியைத் தூக்கினான். வில்ஃபின் துண்டு பக்கத்திலேயே. மூன்று சால்கள் நூல் பிடித்த மாதிரி வெட்டப்பட்டுக் காத்திருந்தன. அவர் வாலிபத்திலிருந்து புரட்டிப் புரட்டிப் போட்ட மண். கையில் அள்ளினால் கேக் மாதிரி உதிரும். சுரங்கத்தில் கறுப்பைத் தோண்டிவிட்டு வந்து, இங்கே இந்தக் கறுப்பைச் செய்தார் அவர்.

சால் விளிம்பில் வண்டி நின்றது.

"கவுத்துப்பா," என்றார் வில்ஃப். "என்ன பாக்குற? அதென்ன, பிள்ளையா? கவுத்து."

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விளிம்பிலிருந்து ஒரு கட்டி உருண்டு சாலை நோக்கிப் போனது.

கெயில் எப்போது ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. பூட்ஸ் காலால் அந்தக் கட்டியைத் தடுத்தாள். இரண்டு கையாலும் வண்டியின் விளிம்பைப் பிடித்துத் தள்ளி நிமிர்த்தினாள்.

"கவுக்காத!"

"கெயில்?" என்றார் அப்பா.

"அப்பா, அதுல விஷம் இருக்கு. இதைப் போட்டா உருளை வராது, அவரை வராது. அடுத்த வருஷம்கூட வருமான்னு தெரியாது. அந்த லாயத்துல வைக்கோலுக்குக் களைக்கொல்லி அடிச்சிருக்காங்க. அது சாணத்தோட வந்திருக்கு. என் கொட்டகைக்குள்ள போய்ப் பாருங்க, தக்காளி எப்படி நிக்குதுன்னு."

நாலு பேர் போய்ப் பார்த்தார்கள். தலையை ஆட்டிக்கொண்டே திரும்பினார்கள். ஒருத்தி மட்டும், "என் தங்கச்சி குழந்தைக்குப் பிறக்கும்போதே கை இப்படித்தான் சுருண்டிருந்துச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நார்மனுக்கு முதலில் வந்தது கோபம். "எந்த மடையன் அடிச்சது? அந்தப் பொம்பள சொன்னாளா?"

கெயில் வண்டி விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"தெரியல," என்றாள்.

ஒரே ஒரு சொல். அதற்குள் ஒரு வீடு, ஒரு மேஜை, இரண்டு தேநீர்க் கோப்பைகள். கீத் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

கூட்டம் லாயத்தின்மேல் பாய்ந்தது. குதிரை வளர்க்கிறவளுக்குக் கிழங்கின் அருமை என்ன தெரியும் என்றார்கள். ஓசி எருவைப் பல்லைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். ஆனால் குவியல் இன்னும் குவியலாகத்தான் இருந்தது. ஒரு சாலிலும் விழவில்லை. கிழங்கை எரு இல்லாமல் ஊன்றலாம். சின்னக் கிழங்காக வரும். வந்தால் போதாதா? ஆபத்து வந்து, வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

வில்ஃப் நடந்து வந்தார். எருப் பட்ட கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, மருமகனின் தோளில் வைத்தார்.

"விடு தம்பி. ஏன் நடுங்குற? நீயும் அவளும் நல்ல மனசோட செஞ்சீங்க. உன் மேல என்ன தப்பு?"

கெயில் பிறகு பல நாள் நினைத்துப் பார்த்தாள். அப்பா திட்டியிருந்தால் கீத் வாயைத் திறந்திருக்க மாட்டான். திட்டுக்கு அவன் பழகியவன். அந்தக் கை தோளில் இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"நான்தான் அடிச்சேன், வில்ஃப்," என்றான்.

"என்னது?"

"அந்த வயலுக்கு மருந்து அடிச்சது நான். எரு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். அக்டோபர்லேருந்து தெரியும். சொல்லல."

கை உடனே விலகவில்லை. அதுதான் கொடுமை. அது அங்கேயே இருந்தது, தன் சொந்தக்காரர் தன்னை மறந்துவிட்டது போல. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.

"அக்டோபர்லேருந்து," என்றார் வில்ஃப். கேள்வியாகக்கூட இல்லை.

"விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்?" என்றார் நார்மன். குரலை உயர்த்தக்கூட இல்லை. "அப்பன் வயித்துல அடிச்சான். மகன் மண்ணுல அடிச்சிருக்கான்."

முதலில் பின்வரிசையில் ஒருவர் முதுகைத் திருப்பினார். பிறகு அவர் மனைவி. பிறகு அந்த வரிசை. அந்த நாளில் கருங்காலிகளின் வண்டி போகும்போது தெருவே இப்படித்தான் திரும்பி நின்றது. அப்போது பிறக்காதவர்களும் இன்று திரும்பினார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

கெயில் கீத்தின் கையைப் பிடித்தாள். அது பதிலுக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் நார்மன் குவியலின் பின்பக்கம் குனிந்தார்.

"இங்க யாரோ அள்ளியிருக்காங்க."

தார்ப்பாயின் பின்மூலையில் கயிறு அவிழ்ந்திருந்தது. குவியலில் ஒரு பள்ளம். பள்ளத்திலிருந்து தள்ளுவண்டிச் சக்கரத்தின் தடம், ஈர மண்ணில் ஒற்றைக் கோடாக, ஓடைப் பக்கம் போனது.

"மேவிஸ்," என்றாள் கெயில்.

* * *

ஓடையை ஒட்டிய கடைசித் துண்டு மேவிஸுடையது. முழங்காலுக்குச் சாக்குப் போட்டு மண்டியிட்டு, கடைசிச் சாலில் கடைசிக் கிழங்கை ஊன்றிக்கொண்டிருந்தாள். ஓடி வருகிறவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட முயற்சி செய்யவில்லை.

"என்ன, ஊர்வலமா? மூத்தவருக்கு முன்னாடி நட்டுட்டேன்னு ஜெயில்ல போடப்போறீங்களா? என் முட்டிக்கு உங்க சடங்கு முடியிற வரைக்கும் பொறுமை கிடையாது. பன் கொண்டாந்தீங்களா?"

யாரும் சிரிக்காததைக் கண்டு அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

சொன்னது கீத். ஒரு வார்த்தை விடாமல், தன் பேரையும் சேர்த்துச் சொன்னான். மேவிஸ் ஈரமண் ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவள் துண்டு முழுவதும் சாலுக்கு அடியில் எருப் படுக்கை போட்டிருந்தாள். கிழங்குச் சால், அவரைச் சால், பட்டாணிச் சால். காய்கறிக்குக் கடைக்குப் போகிற வழக்கமே இல்லாதவள்.

"எத்தனை வருஷத்துக்கு?" என்றாள்.

"இந்த வருஷம் நிச்சயம் போச்சு. அடுத்ததும் போகலாம்," என்றான் கீத்.

"அடுத்ததுன்னு எனக்கு ஒண்ணு இருக்குன்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறான். நீ சொல்ற." சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. "அக்டோபர்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா? எனக்கு மட்டுமாவது? நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"



முதல் துளி கெயிலின் நெற்றியில் விழுந்தது.

மேற்கே இருந்த இருட்டு தலைக்கு மேல் வந்துவிட்டது. கெயில் சாலுக்குள் குனிந்து மண்ணை விலக்கினாள். அடியில் எரு தனிப் படுக்கையாகக் கிடந்தது, ரொட்டிக்கு நடுவே தடவிய ஜாம் மாதிரி. மண்ணோடு இன்னும் கலக்கவில்லை.

"எடுத்துடலாம்!" என்று கத்தினாள். "இன்னும் தனியாத்தான் இருக்கு. மழை ஊறுறதுக்குள்ள அள்ளிட்டா மண்ணு பிழைச்சுக்கும். மழை பெஞ்சு கரைஞ்சுதுன்னா அவ்வளவுதான்!"

கீத் அதற்குள் சாலில் இறங்கிவிட்டான். மண்வாரியால் தோண்டினால் கலந்துவிடும் என்று கையாலேயே அள்ளி வண்டியில் வீசினான். கெயில் அடுத்த சாலில் இறங்கினாள். அள்ளும்போதே துளிகள் தடித்தன.

ஊர் பாதையிலேயே நின்றது. முதுகு இல்லை இப்போது. முகம்தான். ஆனால் ஒரு கால்கூட பாதையை விட்டு இறங்கவில்லை. கருங்காலியோடு ஒரே சாலில் நிற்பது எப்படி? அந்தக் கணக்கை அவர்கள் பாட்டனார் காலத்துப் பிடிவாதத்தோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நார்மன்!" என்று கெயில் அலறினாள். "மேவிஸுக்காகவாவது வாங்களேன்!"

நார்மன் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

இரண்டு பேர், மூன்று சால், இறங்கும் மழை. அள்ள அள்ள, பின்னால் விட்ட இடத்தில் கறுப்புத் தண்ணீர் ஊறி நின்றது. கெயில் அழுதாள். அழுகிறோம் என்று அவளுக்கு உறைக்கவில்லை, மழை முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்ததால். மேவிஸ் தான் ஊன்றிய கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, முளை ஒடியாமல் துடைத்து, மறுபடி முட்டை அட்டையில் அடுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் ஏதோ சமாதானம் சொன்னாள்.

கீத் இருந்த சாலின் மறுமுனையில் 'தொப்' என்று யாரோ குதித்தார்கள்.

கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, டையோடு இறங்கியிருந்தார் வில்ஃப்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. இடுப்பை வளைத்து, எருப் படுக்கையை இரண்டு கையாலும் வழித்து வழித்து வெளியே வீசினார். டை சேற்றில் தோய்ந்தது. தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டார். கெயிலின் நெஞ்சில் ஏதோ ஒன்று, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், தலைதூக்கியது.

கீத் இந்த முனையிலிருந்து. வில்ஃப் அந்த முனையிலிருந்து. நடுவில் இருந்த கறுப்பு குறைந்துகொண்டே வந்தது. பாதையில் நின்றவர்களில் ஒருவர் மேல்கோட்டைக் கழற்றினார். பிறகு இன்னொருவர். அவர்கள் கெயிலின் சாலில் இறங்கினார்கள். கீத்தின் சாலில் இல்லை.

இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளும் தூரத்துக்கு வந்துவிட்டன. கீத் நிமிர்ந்தான். மழை ஒழுகும் முகத்தோடு, வில்ஃபை நேராகப் பார்த்து, "வில்ஃப், நான்..." என்றான்.

வில்ஃப் நிமிர்ந்தார். அவனைத் தாண்டி மகளைப் பார்த்தார்.

"கெயில், உன் புருஷன்கிட்ட சொல்லு. அவன் பக்கம் அடியில இன்னும் நிக்குது. ஆழமா எடுக்கச் சொல்லு."

கெயிலுக்குக் கை ஓய்ந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து போன அக்டோபர் வரை அப்பா இப்படித்தான் பேசினார். ஒரே அறையில், அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு, மகள் வழியாக. உப்பைத் தள்ளச் சொல்லு. கதவைச் சாத்தச் சொல்லு.

"எடுக்கறேன், வில்ஃப்," என்றான் கீத் தாழ்ந்த குரலில். குனிந்து எடுத்தான்.

வில்ஃப் தன் கையில் இருந்த எருவைப் பார்த்தார். விரலால் நசுக்கினார். ஏதோ ஒன்று அவர் புருவத்தில் முடிச்சிட்டது.

"லாயம் பெரிய லாயம்," என்றார். "பன்னெண்டு குதிரை. ஒரு வருஷத்துச் சாணம் இவ்வளவுதானா?"

மழை வண்டித் தகரத்தில் தாளம் போட்டது.

"கெயில், அவன்கிட்ட கேளு. அக்டோபர்ல அங்கேருந்து கிளம்பினது ஒரு டிராக்டரா, ரெண்டா? ரெண்டுன்னா இன்னொண்ணு யார் மண்ணுல இறங்குச்சு?"

கெயில் கணவன் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தெரிந்து ஒன்றுதான். அவள் வரவழைத்தது ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

கீத் அள்ளுவதை நிறுத்தியிருந்தான்.